ஒகாஸியோவின் நூறாவது ஹோம் ரன்

“என்னை அங்கே கூப்பிடாதே, பத்ரி.”

“எங்கே?”

“ரவுண்ட் ராக்குக்குத்தான், வேற எங்கே? நீ வாயத் திறந்து கூப்பிட்டா நான் பெட்டியத் தூக்கிண்டு பின்னாடியே வந்துடுவேன். ரக்ஷாவுக்கு இன்னும் ரெண்டு வருஷம் ஹைஸ்கூல் பாக்கி. நடுவுல ஸ்கூல மாத்தினா குழந்தை திண்டாடிப் போயிடுவா. அதனால கூப்பிடாதே.”

“சரி.”

“உடனே சரிங்கறியே! ஒரு சண்டையாவது போடக் கூடாதா?”

“பின்னாடி போலீஸ்காரன் காரை எடு எடுன்னு கை காட்டறான் விஷா. சண்டைய போன்ல போட்டுக்கலாம்.”

நியூ ஜெர்சியில், நூவர்க் விமான நிலையத்தின் வாசலில், 2018 ஆகஸ்ட் மாதம் நடந்த பேச்சு இது. பத்ரிக்கு ஒரு வார்த்தை பிசகாமல் நினைவிருந்தது. விஷாகா சிரித்துக்கொண்டே டிரைவர் சீட்டுக்கு மாறினாள். இண்டிகேட்டர் போட்டாள். வெள்ளை மினிவேன் மற்ற வெள்ளை வண்டிகளோடு கலந்து போயிற்று. பத்ரி இரண்டு பெட்டிகளோடு உள்ளே போனான்.

சண்டையைப் போனில் போடவே இல்லை.

கம்பெனி அவனுடைய குழு முழுவதையும் டெக்ஸாஸில் ரவுண்ட் ராக் தலைமையகத்துக்கு மாற்றியிருந்தது. நாற்பத்தொன்பது வயதில் வேறு வேலை தேட அவனுக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு வருடம்தானே என்று இருவரும் சொல்லிக்கொண்டார்கள். ரக்ஷா பள்ளி முடித்த வருடம் உலகமே கதவைச் சாத்திக்கொண்டது. மறு வருடம் கதவு திறந்தபோது பத்ரி கூப்பிட்டிருக்கலாம். ஆனால் கூப்பிடாதே என்று சொன்னவள் அவள். நேரம் வந்தால் அவளே சொல்லுவாள் என்று காத்திருந்தான். அவள் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி லேபில் அவளுக்கு நல்ல வேலை. மான்மவுத் ஜங்ஷன் வீடு, அதன் தோட்டம், பக்கத்துத் தெருவில் பாட்டு வகுப்பு. அப்புறம் கேட்பதே கூச்சமாகிவிட்டது. பல வருடம் பழகிய ஒருவரிடம் போய், உங்கள் பெயர் என்ன என்று கேட்பதுபோல.

ஏழு வருடம் ஆகிவிட்டது.

வருடத்துக்கு இரண்டு முறை அவன் நியூ ஜெர்சி போவான். போன கிறிஸ்துமஸ் விடுமுறையில், குளித்துவிட்டுக் கதவை இடுக்காகத் திறந்து, “டவல் எங்க வெச்சிருக்கே?” என்று கேட்டான். விஷாகா கொண்டுவந்து கொடுத்தாள். விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் புது டவல். அவள் எதையும் நினைத்துச் செய்யவில்லை. அவன்தான் அதைத் தலையில் போட்டுக்கொண்டு வெகுநேரம் ஈரம் துடைத்துக்கொண்டிருந்தான்.

ரவுண்ட் ராக்கில் அவனுக்கு இரண்டாம் மாடியில் ஒரு பெட்ரூம் அபார்ட்மென்ட். ஜன்னலுக்குக் கீழே பார்க்கிங், அதற்கப்பால் ஃப்ரீவே. மூன்று கப் ரைஸ் குக்கரில் முக்கால் கப் அரிசி வைப்பான். கீழ்வீட்டு ஸ்ரீநிவாஸ் அவனுடன் வேலை பார்ப்பவன், சின்ன வயது, இரண்டு குழந்தைகள். பார்க்கிங்கில் பார்க்கும்போதெல்லாம் கேட்பான்.

“சார், இந்தத் தீபாவளி பாட்லக் விருந்துக்காவது மேடம் வராங்களா?”

“வருவா, வருவா.”

“போன வருஷமும் இதே டயலாக்தான் சார். என் வொய்ஃப் பெட் கட்டறா, உங்களுக்குக் கல்யாணமே ஆகலன்னு.”

பத்ரியும் சிரிப்பான். மாடிப்படி ஏறும்போது சிரிப்பு பாதியில் இறங்கிப் போய்விடும்.

ஆனால் தினமும் மாலை ஏழு மணிக்கு அவன் போன் செய்வான். நியூ ஜெர்சியில் அப்போது எட்டு. அந்தப் போனுக்கு ஒரு வழக்கம் இருந்தது. முதலில் ஹெரன்ஸ் பற்றி ஒரு கேள்வி. அப்புறம்தான் மற்றதெல்லாம்.

ராரிட்டன் ஹெரன்ஸ், இப்போது இல்லாத ஒரு பேஸ்பால் அணி. பெரிய லீக் எதிலும் சேராத சின்னத் தொழில்முறை அணி. 1999-இல் தொடங்கி 2013-இல் கலைந்துபோனது. ஐயாயிரம் பேர் உட்காரும் மைதானம், ரயில் பாதைக்குப் பக்கத்தில். இப்போது அங்கே ஒரு கிடங்கு நிற்கிறது. அமெரிக்கா வந்த புதிதில் பத்ரியும் விஷாகாவும் டிக்கெட் மலிவு என்பதற்காக ஒரு சனிக்கிழமை போனார்கள். இரண்டு பேருமே கிரிக்கெட் பைத்தியம். விஷாகா மாம்பலத்தில் அண்ணனின் டீமுக்கு ஸ்கோர் எழுதி வளர்ந்தவள். பேஸ்பால் ஸ்கோர் அட்டையில் பந்துக்குப் பந்து எழுதலாம் என்று தெரிந்ததும் பென்சிலைப் பிடித்தவள், பதிமூன்று வருடம் விடவில்லை. ரக்ஷாவின் டயபர் பைக்குள் புளியோதரை டப்பாவை ஒளித்து உள்ளே கொண்டுபோவாள். அவர்கள் வழக்கமாக உட்காரும் ஒன்பதாவது வரிசைக்காரர்கள் அவர்களை ‘கிரிக்கெட் குடும்பம்’ என்றார்கள். ஹெரன் என்றால் கொக்கு வகை, அதனால் விஷாகா அந்த அணியை ‘நம்ம கொக்கு’ என்றாள்.

அணி கலைந்தபோது அதன் கணக்கு வழக்கெல்லாம் யாரிடமும் ஒழுங்காக இல்லை. அவர்களிடம் அட்டைகள் இருந்தன. போகாத ஆட்டங்களுக்குப் பழைய செய்தித்தாள்களைத் தேடினார்கள். டேட்டாபேஸ் தெரிந்த பத்ரி ஒரு இணையப் பக்கம் செய்தான். பதினைந்து சீசன், ஒவ்வொரு ஆட்டக்காரனும் அடித்தது, தவறவிட்டது, ஓடியது எல்லாம் அதில். மாதத்துக்கு நாற்பது தடவை அதை யாராவது திறந்து பார்ப்பார்கள். அதில் முப்பது தடவை பத்ரியே.

“இன்னிக்குக் கேள்வி?” என்பாள் விஷாகா.

“ஆறு சீசன் ஆடி, மொத்தமே ஒரு பேஸ்தான் திருடின கேட்சர் யாரு?”

“இது ஒரு கேள்வியா? அந்த மீசைக்காரன். நம்பர் பதினேழு. பந்து போடற பிட்சர் தும்மினான், அந்த கேப்ல அடுத்த பேஸுக்கு ஓடினான். ஓடி முடிச்சுட்டு ரெண்டு நிமிஷம் மூச்சு வாங்கினான் பாவம். பேரு... வில்காக்ஸ்.”

“கரெக்ட்.”

அதன் பிறகு மழை வந்ததா, கராஜ் கதவு சரியாயிற்றா, கலிஃபோர்னியாவில் குபெர்டினோவுக்கு வேலைக்குப் போய்விட்ட ரக்ஷா பேசினாளா. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆரம்பத்தில் கேள்விக்குப் பின் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார்கள். வர வரக் கேள்விதான் போனில் கனமான பொருளாக இருந்தது.

இந்த ஜூனில் லேபை வேறொரு லேபோடு சேர்த்தார்கள். விஷாகா முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டாள். செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை, கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, “நாலு பெட்ரூம் வீட்டுல ஒருத்தி என்ன பண்றது, பத்ரி? வித்துடலாமா?” என்றாள்.

“வித்துட்டு?”

“ரக்ஷாவோட ரூம்மேட் கல்யாணம் பண்ணிண்டு போறா. குபெர்டினோல ஒரு ரூம் காலி. அம்மா, யூ கேன் ஜஸ்ட் மூவ் இன்ங்கறா.”

அவள் கொஞ்சம் நிறுத்தினாள். பத்ரி ஏதோ சொல்ல வேண்டிய இடம் அது. அவனுக்குத் தெரிந்தது. ஃப்ரீவேயில் ஒரு லாரி போயிற்று.

“நல்ல ஐடியாதான்” என்றான்.

“ம்” என்றாள்.

மறுநாள் காலை, வீட்டை விற்பனைக்கு விடும் ஒப்பந்தம் மின்னஞ்சலில் வந்தது. வீடு இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. விஷாகாவுடன் பாட்டு வகுப்புக்கு வரும் தாமரைச்செல்விதான் வீட்டுத் தரகர். வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு கையெழுத்தும் வேண்டும், சனிக்கிழமை படம் எடுக்க ஆள் வருகிறது என்று எழுதியிருந்தாள். விஷாகா அன்றே கையெழுத்துப் போட்டுவிட்டாள். பத்ரியின் கையெழுத்துக்குத் திரையில் ஒரு மஞ்சள் கட்டம் காத்திருந்தது. அதைத் தொட்டால் போதும். செவ்வாய் தொடவில்லை. புதன் தொடவில்லை.

“போட்டியா?”

“பார்க்கறேன்.”

“என்னத்தப் பார்க்கறே? எல்லாத்தையும் நான் படிச்சுப் பார்த்தாச்சு.”

“நாளைக்குப் பார்க்கறேன் விஷா.”

அவள் இங்கே வந்து இருக்க வேண்டும் என்பதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. அதை அந்த மஞ்சள் கட்டத்தில் எழுத முடியாது. கட்டத்தைத் தொட்டுவிட்டால் அதற்குப் பிறகு எழுத வேறு இடமும் இல்லை.

வியாழக்கிழமை மதியம் இன்னொரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் பெயரைப் பார்த்ததும் பத்ரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். ரூபன் ஒகாஸியோ. ஹெரன்ஸுக்காக முதல் பேஸில் நின்று ஆடியவர். கிரிக்கெட்டில் சிக்ஸர் மாதிரி, பந்தை வேலிக்கு அப்பால் அடிப்பதுதான் ஹோம் ரன். அதை அந்த அணிக்காக நூறு தடவை அடித்த ஒரே மனிதன். பத்ரியின் பக்கத்தில் உச்சியில், கொட்டை எழுத்தில் இருந்த கேள்விக்கு விடையே அவர்தான். கடிதம் எளிமையான ஆங்கிலத்தில் இருந்தது.

‘மிஸ்டர் பத்ரி, உங்கள் பக்கத்தில் எனக்கு நூறு ஹோம் ரன் என்று போட்டிருக்கிறீர்கள். நான் அடித்தது தொண்ணூற்றொன்பது. 2011 ஜூலையில் ஒரு ஆட்டம் நாலாவது இன்னிங்ஸில் மழையால் நின்றது, ஞாபகம் இருக்கலாம். ஒன்பதில் ஐந்து இன்னிங்ஸாவது முடியாத ஆட்டம் கணக்கில் சேராது. அதை ஆகஸ்டில் முதலிலிருந்து திரும்ப ஆடினோம். நீங்கள் இரண்டையும் சேர்த்திருக்கிறீர்கள். இதை எட்டு வருடமாக உங்களிடம் சொல்ல நினைத்தேன். நூறு என்று பார்க்க நன்றாக இருந்ததால் தள்ளிப்போட்டேன். இப்போது என் மகள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், எனக்கு வெட்கமாக இருக்கிறது. தயவுசெய்து திருத்திவிடுங்கள். மற்றபடி உங்கள் பக்கம் அருமை. வில்காக்ஸ் திருடிய பேஸை நீங்கள் மறக்காதது எனக்கு ரொம்பச் சந்தோஷம்.’

பத்ரி 2011-ஆம் வருடத்தைத் திறந்தான். அட்டவணைப்படி அந்த சீசனில் தொண்ணூற்றாறு ஆட்டங்கள். அவன் பக்கத்தில் தொண்ணூற்றேழு இருந்தது. இருபத்தைந்து வருடம் பிறத்தியார் டேட்டாவில் பிழை பிடித்துச் சம்பளம் வாங்குகிறவன், தன் சொந்தப் பக்கத்தில் இதைப் பார்த்ததில்லை. பார்க்கத் தோன்றவும் இல்லை. கிரிக்கெட்டில் மழை வந்து ஆட்டம் கைவிடப்பட்டாலும், அடித்த ரன் அடித்தவன் பெயரில்தான் நிற்கும். அதில் ஊறி வளர்ந்த இரண்டு பேருக்கும், வேலியைத் தாண்டிப் போன பந்து தாண்டவே இல்லை என்று ஒரு விதி இருக்கும் என்று சந்தேகம்கூட வரவில்லை.

மாலை ஏழு மணி. டெக்ஸாஸ் வெயில் இன்னும் பார்க்கிங்கில் தகித்தது.

“இன்னிக்குக் கேள்வி?” என்றாள் விஷாகா. அவள் குரலோடு எதிரொலி வந்தது.

“எங்க இருக்கே?”

“பேஸ்மெண்ட்ல. வீட்டப் படம் எடுக்க ஆள் வரானே, எல்லாத்தையும் ஏறக்கட்டிண்டு இருக்கேன். உன்னோட பழைய ட்ரெட்மில் ஒண்ணு இருக்கு, அதுல ஒருத்தரும் நடந்ததே இல்ல. யாருக்காவது குடுத்துடவா?”

“விஷா, ஸ்கோர் அட்டை பெட்டி பக்கத்துல இருக்கா? 2011 ஜூலை. மழை பேஞ்ச ஆட்டம்.”

“இருக்கு. ஏன்?”

அவன் கடிதத்தைப் படித்துக் காட்டினான். அந்தப் பக்கம் வெடித்துக்கொண்டு ஒரு சிரிப்பு.

“அட ராமா! எட்டு வருஷமா அந்த மனுஷன் நம்மளப் பார்த்து நெளிஞ்சிண்டு இருந்திருக்கார். நான்தான் பத்ரி. நான்தான் சேர்த்தேன். அடிச்சது அடிச்சதுதானேன்னு உன்கிட்ட சொன்னேன்.”

“நானும்தானே ஒத்துண்டேன்.”

“நீ எதுக்குத்தான் ஒத்துக்கல? இரு, எடுக்கறேன்.”

அட்டைப்பெட்டி இழுபடும் சத்தம், காகிதங்கள் புரளும் சத்தம். பத்ரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். அவள் தும்மினாள். “தூசி” என்றாள். “ஜூன்... ஜூன்... இதோ. ஜூலை ஒன்பது. கிடைச்சுடுத்து. ஒகாஸியோ, மூணாவது இன்னிங்ஸ், ஹோம் ரன். பக்கத்துல நட்சத்திரம் போட்டிருக்கேன். ரெண்டு அவுட், நாலாவது இன்னிங்ஸ், மழை. அதோட கோடு போட்டு நிறுத்தியிருக்கேன். கீழ என்னமோ கிறுக்கி வெச்சிருக்கேன், ஈரத்துல பாதி அழிஞ்சிருக்கு.”

“படி.”

“‘மணி ஒன்பதே கால். நாங்க மட்டும்தான் ஸ்டாண்டுல. ரக்ஷா தூங்கறா. பத்ரி போலாம்னு சொல்லல. நானும் சொல்லல.’” என்று படித்தாள் விஷாகா. “ரெண்டு மணி நேரம் உக்கார்ந்திருந்தோம், இல்ல? ஒரு பிளாஸ்டிக் கோட்டுக்குள்ள மூணு பேர்.”

“நீ ஆட்டம் மறுபடி ஆரம்பிக்கும்னு நம்பிண்டு இருந்தே. சரி, உன் ஆசையக் கெடுக்க வேண்டாமேன்னு நான்...”

“நானா? எனக்கு ஆட்டம் போச்சுன்னு எட்டு மணிக்கே தெரியும். நீ எழுந்துக்கலயேன்னு உக்கார்ந்திருந்தேன். எனக்கு முட்டி வரைக்கும் விறைச்சுப் போச்சு.”

“எனக்கும்தான்.”

“சொல்லியிருக்கலாமே, மண்டு!”

“நீ சொல்லியிருக்கலாமே.”

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்ததும் எதிரொலியும் முடிந்தது. பேஸ்மெண்டில் ஏதோ ஒரு மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் அவனுக்குக் கேட்டது. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும், தண்ணீர் பம்ப். அதை மாட்ட அவனும் அவளும் ஒரு ஞாயிறு முழுக்கப் பாடுபட்டிருக்கிறார்கள்.

“சரி, திருத்திடு” என்றாள் விஷாகா. “பெரிய மனுஷன் கேக்கறார்.”

பத்ரி மடிக்கணினியை இழுத்துக்கொண்டான். அந்த ஒரு ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்து நீக்கினான். எல்லா எண்களும் ஒரு நொடி கலைந்து மறுபடி உட்கார்ந்தன. தொண்ணூற்றேழு தொண்ணூற்றாறாயிற்று. ஒகாஸியோவின் பெயருக்கு நேரே நூறு போய்த் தொண்ணூற்றொன்பது வந்தது. ‘நூறு ஹோம் ரன் அடித்த ஒரே ஹெரன் யார்?’ என்ற கொட்டை எழுத்து வரியையும் அழித்தான். பக்கத்தின் உச்சி வெள்ளையாக இருந்தது.

“ஆச்சு” என்றான்.

“நம்ம ஃபேமஸ் கேள்வியே போச்சு. யாருமே நூறு அடிக்கலயா அப்போ?”

“யாருமே அடிக்கல.”

“பாவம். அவருக்கு நல்லா ஒரு பதில் எழுது. நானும் ஸாரி சொன்னேன்னு எழுது.” அவள் குரல் மாறியது, வேலை பேசும் குரல். “பத்ரி, நாளைக்கு வெள்ளி. தாமரை காலைலேர்ந்து ரெண்டு தடவை கேட்டுட்டா. நீ கையெழுத்துப் போடலன்னா அவ அந்தப் படக்காரனக் கேன்சல் பண்ணணும். அடுத்த மாசம் பன்னெண்டாம் தேதிக்குத் தன்கிட்ட வர எனக்கு ஸான் ஹோஸே ஃபிளைட் டிக்கெட் பார்த்து வெச்சிருக்கா ரக்ஷா. இன்னிக்குப் போட்டுடறியா?”

மடிக்கணினியில் அந்த இன்னொரு ஜன்னல் திறந்தே இருந்தது. மஞ்சள் கட்டம். பத்ரி சுட்டியை அதன் மேல் கொண்டுபோனான். ஒரு மனிதர் எட்டு வருடம் தள்ளிப்போட்டதை இன்று மதியம் பத்து வரியில் எழுதி அனுப்பிவிட்டு, இந்நேரம் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அவர் இழந்தது ஒன்று. ஒன்றே ஒன்று.

“பத்ரி? இருக்கியா?”

“இருக்கேன்.”

“போடப் போறியா, இல்ல நாளைக்கும் பார்க்கறேன்னு சொல்லப் போறியா? எதுவானாலும் சொல்லிடு. காகிதத்த வெச்சிண்டு தரைல உக்கார்ந்திருக்கேன், கால் மரத்துப் போறது.”

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவன் சரி என்று சொல்லித் தொட்டிருப்பான். அவள் காத்துக்கொண்டிருந்தாள்; மூச்சு விடுவது கேட்டது. அவளுக்கும் ஐம்பத்துமூன்று ஆகிவிட்டது, சில்லென்ற சிமெண்ட் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று அவனுக்குத் தோன்றியது. கையைச் சுட்டியிலிருந்து எடுத்தான். எழுந்து ஜன்னலருகே போனான். கீழே ஸ்ரீநிவாஸ் காரிலிருந்து காய்கறிப் பைகளை இறக்கிக்கொண்டிருந்தான். அவன் மனைவி வாசலில் நின்று ஏதோ அதட்டிக்கொண்டிருந்தாள்.

“விஷா, வீட்ட வித்துடு. இல்ல, விக்காம இரு. அது உன் இஷ்டம், நான் கையெழுத்துப் போடறேன். அது இல்ல விஷயம்.”

“அப்ப எதுதான் விஷயம்?”

“இந்த ஊர்ல ஒண்ணும் இல்ல. வெயில்தான் இருக்கு. ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பாத்திரம் எல்லாம் ஒண்ணு ஒண்ணுதான் வெச்சிருக்கேன்.”

“பத்ரி...”

“சொல்லிடறேன், இரு. நீ நிறுத்தினா மறுபடி ஏழு வருஷம் ஆயிடும். எனக்குத் தனியா இருக்க முடியல விஷா. குபெர்டினோவுக்குப் போகாதே. இங்க வா. என்கூட வந்து இரு.”